புதுப்பிப்பு: 'ஹேவ் சீன்' சந்தேகத்துக்கு விடை

'ஐ ஹேவ் சீன் ஹிம் டுடே' சரி என்றால், 'ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே' ஏன் தவறு என்று முன்பு கேட்டிருந்தேன். புளியரையில் என்னிடம் படிக்கும் பிள்ளைகளின் சந்தேகம் அது.

பதில் தந்தவர்களுக்கு நன்றி. 'ஹேவ்' போட்டால், சொல்லும் காலம் இப்போது வரை நீள வேண்டும். இன்று நீள்கிறது, நேற்று முடிந்துவிட்டது. எனக்கு ரொம்பப் பிடித்தது 'திஸ் மார்னிங்'. காலையில் ஆரியங்காவு பஸ்ஸில் இருந்தபடி 'ஐ ஹேவ் சீன் ஹிம் திஸ் மார்னிங்' எனலாம். சாயங்காலம் செங்கோட்டை திரும்பியபின் 'ஐ சா ஹிம் திஸ் மார்னிங்' தான். ஒரே ஆள், ஒரே நாள். பொழுது மட்டும் மாறியிருக்கிறது. என்ன நுட்பம்!

அப்புறம், 'ஆல்ரெடி' பற்றிக் கேட்டவருக்கு: 'ஐ ஆல்ரெடி ஏட்' அமெரிக்கப் பேச்சில் சகஜம். பிரிட்டிஷ் வழக்கு 'ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்'. பரீட்சையில் இதையே எழுதச் சொல்லியிருக்கிறேன்.