ஐம்பது தாண்டியவர்களுக்குத் தனி வினாடி வினாத் தொடர் தேவையா?

வினாவிரும்பி:

அமெரிக்காவின் ஜெபர்டி என்ற வினாடி வினா நிகழ்ச்சியின் பழைய தொடர்களைப் பற்றி இந்த வாரம் படித்துக்கொண்டிருந்தேன். 1987 முதல் 1995 வரை ஐம்பது வயது தாண்டியவர்களுக்கென்றே ஒரு போட்டித் தொடர் நடத்தியிருக்கிறார்கள். மொத்தம் 15 பேர். ஐந்து கால் இறுதி, அதில் வென்ற ஐவரோடு தோற்றவர்களில் அதிகத் தொகை சேர்த்த நால்வரும் அரையிறுதிக்குப் போவார்கள், கடைசியில் இரண்டு நாள் இறுதி. 1995-க்குப் பிறகு அது நின்றுவிட்டது. மறுபடி கொண்டுவந்தால் என்ன என்று நண்பர் ஒருவர் கேட்டார், வேண்டவே வேண்டாம் என்றேன், பேச்சு முற்றிவிட்டது. அதனால் இங்கே கேட்கிறேன்.

என் பக்கம் இதுதான். வினாடி வினா ஓட்டப்பந்தயம் இல்லை. எவ்வளவு படித்திருக்கிறீர்கள், எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் ஆட்டம், அதில் வயதானவர்களுக்குக் கூடுதல் வருடங்கள் கையில் இருக்கின்றன. 2020 ஜனவரியில் ஜெபர்டியின் தலைசிறந்த மூவர் மோதினார்கள். கென் ஜென்னிங்ஸுக்கு 45 வயது, பிராட் ரட்டருக்கு 41, ஜேம்ஸ் ஹோல்ஸ்ஹவருக்கு 35. வென்றவர் மூவரில் மூத்தவரான ஜென்னிங்ஸ். அப்புறம் எதற்குத் தனிப் பந்தி? பார்க்க மரியாதை மாதிரி இருக்கிறது, உள்ளே இருப்பது இரக்கம். எனக்கு அறுபது வயதாகும்போது யாரும் என்னை அப்படி ஓரமாக உட்கார வைக்கக் கூடாது.

மழைக்குருவி:

45 வயதைக் காட்டி 65 வயதைப் பற்றிப் பேசுகிறீர்கள், அது எப்படிச் சரியாகும்? அந்த மூவரும் லட்சத்தில் ஒருவர் வகை. என் கவலை அவர்களைப் பற்றி இல்லை. நாற்பது வருடம் படித்துக்கொண்டே இருந்து, ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் துணிந்து விண்ணப்பம் போடுகிறாரே, அவரைப் பற்றி.

ஒரு ஆட்டத்தில் மொத்தமே 61 கேள்விகள். மேடை வரை வந்த மூவருக்கும் அதில் பெரும்பாலானவற்றுக்கு விடை தெரியும். மூவருக்கும் தெரிந்த கேள்வியில் யார் பதில் சொல்வது என்பதை முடிவு செய்வது பஸ்ஸர்தான், கையில் இருக்கும் அந்தப் பொத்தானை முதலில் அழுத்துபவருக்கே வாய்ப்பு. நிகழ்ச்சியின் இப்போதைய வடிவம் தொடங்கிய முதல் வருடம், அதாவது 1984-85-இல், கேள்வி பலகையில் வந்த உடனே அழுத்தலாம். அடுத்த ஆண்டு விதி மாறியது. தொகுப்பாளர் கடைசிச் சொல்லைப் படித்து முடித்ததும் மேடைக்குப் பின்னால் ஒருவர் பஸ்ஸர்களின் பூட்டைத் திறப்பார், பலகையின் இரு பக்கமும் விளக்கு எரியும், அதற்கு அப்புறம்தான் அழுத்த வேண்டும். முந்திவிட்டால் கால் விநாடிக்கு உங்கள் பஸ்ஸர் செத்துவிடும், அந்தக் கால் விநாடியில் பக்கத்தில் இருப்பவர் கேள்வியைக் கொண்டுபோய்விடுவார்.

விளக்கைப் பார்த்துக் கட்டைவிரல் அசையும் வேகம் இருபதுகளிலேயே இறங்கத் தொடங்கிவிடுகிறது. சொல்வளமும் பொது அறிவும் அறுபதுகள் வரை ஏறிக்கொண்டே இருக்கின்றன. உளவியலாளர் ரேமண்ட் கேட்டல் இவற்றை இரண்டு தனி அறிவாகவே பிரித்துப் பேசினார், புதிதாகச் சிந்திக்கும் வேகம் ஒன்று, சேர்ந்து படிந்த அறிவு இன்னொன்று. ஆக, அறிவைச் சோதிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு விரலைச் சோதிக்கிறார்கள். நீங்கள் இரக்கம் என்கிறீர்கள், நான் அதைச் சமன் செய்தல் என்கிறேன்.

நேர்கோடு:

மழைக்குருவி சொன்ன பஸ்ஸர் விளக்கம் சரி, முடிவில்தான் எனக்குச் சந்தேகம். பஸ்ஸரில் நன்றாக ஆடுபவர்கள் பலர் விளக்குக்காகக் காத்திருப்பதே இல்லை. தொகுப்பாளரின் குரலைக் கேட்டு, கடைசி அசை எங்கே விழும் என்று கணித்து அழுத்துகிறார்கள். தாளம் போடுவது மாதிரி.

1999-இல் எடி டிமானஸ் என்ற பார்வையற்ற விளையாட்டுச் செய்தியாளர் ஆடினார். தலைப்புகளை பிரெய்லியில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். விளக்கு எரிவது அவருக்குத் தெரிய வழியே இல்லை. ஆனாலும் ஐந்து ஆட்டமும் வென்றார், அன்றைய விதிப்படி ஐந்துக்கு மேல் யாரும் ஆட முடியாது. கண்ணில் பட்டு விரலுக்குப் போகும் வேகம்தான் எல்லாம் என்றால் இது நடந்திருக்கவே முடியாது. தாளம் பழக்கத்தில் வருவது, வயதானவர்களும் பழகலாம்.

மாலைவெயில்:

படித்துக்கொண்டே வந்தேன், இங்கே நான் பேசாமல் இருந்தால் தப்பாகிவிடும். எனக்கு வயது 62. இரண்டு வருடம் முன்பு ஒரு தொலைக்காட்சியின் வினாடி வினாத் தொடரில் ஆடினேன், எல்லா வயதினரும் கலந்த தொடர். கால் இறுதியில் வெளியேறினேன். என் பக்கத்தில் நின்றவர்கள் இருவருமே முப்பதுக்குள்.

நேர்கோடு தம்பி, நீங்கள் சொல்லும் தாளம் உண்மைதான், அது எனக்கு ஆட்டத்தின் பாதியில்தான் பிடிபட்டது. அதற்குள் ஏழெட்டுக் கேள்வி போய்விட்டது. பழகுவதற்கு முன்கூட்டியே ஒரு பஸ்ஸரைக் கையில் கொடுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன். அந்த இளைஞர்கள் கல்லூரிக் காலத்திலிருந்தே பஸ்ஸரோடு பழகியவர்கள். நான் நூலகத்தோடு பழகியவள்.

ஆனால் என்னை வீழ்த்தியது பஸ்ஸர் இல்லை, பெயர். ஒரு விஞ்ஞானியின் படத்தைக் காட்டினார்கள். எந்த நாடு, என்ன கண்டுபிடித்தார், மனைவியும் அதே துறை என்பது வரை எல்லாம் வருகிறது. முதல் எழுத்து கூடத் தெரிகிறது. பெயர் மட்டும் வரவில்லை. அழுத்திவிட்டு ஐந்து விநாடி நின்றேன். மணி அடித்தது, பக்கத்துப் பையன் சொன்னான், அதற்கு அடுத்த நொடி அந்தப் பெயர் என் வாய்க்குள் இருந்தது. நாக்கு நுனியில் நிற்கிறது என்று சொல்வோமே, வயது ஏற ஏற அது கூடுகிறது, அதிலும் மனிதர்களின் பெயர்கள்தான் அதிகம் சிக்குகின்றன. விஷயம் தொலைவதில்லை. அதை எடுத்துக்கொண்டு வருகிற வழி நீள்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொகுப்பாளர் நல்லவர், மனதில் ஒன்றும் இல்லாதவர். ஆனால் நான் ஒவ்வொரு சரியான விடை சொன்னபோதும் 'இந்த வயதிலும்!' என்று சேர்த்துக்கொண்டார், பார்வையாளர்கள் கைதட்டினார்கள். மற்ற இருவருக்கும் விடைக்காகக் கைதட்டினார்கள், எனக்கு வயதுக்காக. அது எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் பிடிக்கவில்லை.

வினாவிரும்பி:

அம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். 'இந்த வயதிலும்' என்ற சொல்தான் என் முழு வாதமும். தனித் தொடர் என்று ஒன்று வைத்தால் ஒவ்வொரு நிமிடமும் அந்தச் சொல்லாகத்தானே இருக்கும்?

மாலைவெயில்:

இல்லை தம்பி, அங்கேதான் நீங்கள் தவறுகிறீர்கள். மேடையில் நிற்கும் மூவருக்கும் அறுபது வயது என்றால் யாரிடம் போய் 'இந்த வயதிலும்' என்று சொல்வது? வயது பேச்சிலிருந்தே போய்விடும். நான் வெறும் போட்டியாளராக நிற்கலாம், தோற்றாலும் வெறும் போட்டியாளராகத் தோற்கலாம்.

மழைக்குருவி:

அம்மா சொன்ன இது எனக்கே தோன்றவில்லை. நன்றி.

நான் இன்னொன்றைக் கேட்கிறேன், கேள்விகளை யார் எழுதுகிறார்கள்? பதின்ம வயதிலிருந்து முப்பதுக்குள் நடந்தவைதான் மனிதர்களுக்கு ஆழமாகப் பதிகின்றன என்று நினைவைப் பற்றி ஆராய்பவர்கள் சொல்கிறார்கள், நம் எல்லோருக்கும் அந்த வயதில் கேட்ட பாட்டு இன்றும் வரி வரியாக வரும். கேள்வி எழுதும் குழுவில் இருப்பவர்கள் பெரும்பாலும் முப்பது, முப்பத்தைந்து வயதுக்காரர்கள் என்றால், 'எல்லோருக்கும் தெரிந்த' பாட்டு என்று அவர்கள் நினைப்பது அவர்களுடைய பதின்ம வயதுப் பாட்டு. 1970-களின் பாடல் 'கடினமான' கேள்வியாகிவிடுகிறது, 2010-களின் பாடல் 'எளிது' ஆகிவிடுகிறது. வரலாறு, இலக்கியம், புவியியலில் இந்தச் சாய்வு குறைவு. பொழுதுபோக்கு, விளையாட்டு, தொழில்நுட்பம் எல்லாம் சேர்ந்து பாதிக் கேள்வி ஆகும்போது அது மொத்த முடிவையே மாற்றிவிடும்.

நேர்கோடு:

இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு மருந்து கேள்விக் குழுவில் எல்லா வயதினரையும் வைப்பது, போட்டியாளர்களைப் பிரிப்பது இல்லையே.

பஸ்ஸரே இல்லாத வடிவங்களும் இருக்கின்றன. பிரிட்டனில் 1972-இல் தொடங்கிய மாஸ்டர்மைண்டை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு நாற்காலி, ஒரே ஆள், முதல் சுற்றில் நீங்களே தேர்ந்தெடுத்த துறை, அடுத்தது பொது அறிவு. எதிரில் கடிகாரம் மட்டும். முந்திக்கொண்டு அழுத்த பக்கத்தில் யாருமில்லை. 1980-இல் அதை வென்றவர் ஒரு டாக்சி ஓட்டுநர். வடிவம் திறந்திருந்தால் யார் யாரோ வருகிறார்கள். பிரிட்டனின் கோடீஸ்வரர் நிகழ்ச்சியில் 10 லட்சம் பவுண்டை முதன்முதலில் வென்ற ஜூடித் கெப்பலுக்கு அப்போது, 2000-இல், வயது 58. கேள்விக்கு நேரக் கட்டுப்பாடு கிடையாது, யோசிக்க விட்டார்கள்.

மழைக்குருவி:

கெப்பல் நல்ல உதாரணம், என் பக்கத்துக்கும்தான். யோசிக்க விட்டால் 58 வயதில் உச்சிக்குப் போக முடிகிறது. அதே சமயம், அந்த நாற்காலிக்கு வர அவர் முதலில், யார் வேகமாக விடை அழுத்துகிறார் என்று பார்க்கும் வேக விரல் சுற்றை வெல்ல வேண்டியிருந்தது என்பதையும் விடாமல் சொல்ல வேண்டும். அந்த முதல் வாசலிலேயே நின்றுபோன மற்ற ஐம்பத்தெட்டு வயதுக்காரர்களை நாம் பார்க்கவே மாட்டோம்.

உடம்பு என்று ஒன்று இருக்கிறது, அதை இதுவரை யாரும் பேசவில்லை. ஜெபர்டியில் ஒரு நாளைக்கு ஐந்து ஆட்டம் பதிவு செய்கிறார்கள். வென்றவர் சட்டையை மாற்றிக்கொண்டு சற்று நேரத்தில் அடுத்த ஆட்டத்துக்கு வந்து நிற்க வேண்டும். காலையில் இருந்த கவனம் ஐந்தாவது ஆட்டத்தில் இளைஞர்களுக்கே இருப்பதில்லை.

மாலைவெயில்:

எனக்குப் பதிவு நாளில் நான்கு மணி நேரம் காத்திருப்பு. குளிரூட்டிய அறை, முதுகு சாய்க்க முடியாத நாற்காலி. இதெல்லாம் பெரிய விஷயமா என்று இளைஞர்கள் கேட்கலாம். பெரிய விஷயம்தான்.

வினாவிரும்பி:

சரி. நான் நின்ற இடத்திலிருந்து ஓரடி நகர்கிறேன், முழுவதும் இல்லை. பஸ்ஸரை முன்கூட்டியே பழகக் கொடுப்பது, உட்கார நாற்காலி, கேள்விக் குழுவில் வயதானவர்கள், ஒரு நாளைக்கு இரண்டு ஆட்டத்துக்கு மேல் வேண்டாம், இவை எல்லாவற்றுக்கும் என் ஆதரவு. இவற்றைச் செய்தபின் எதற்குத் தனித் தொடர் என்பதுதான் இன்னும் என் கேள்வி. தனியாக ஒன்று வந்துவிட்டால், பொதுத் தொடருக்கு ஆள் எடுப்பவர்கள் 'உங்களுக்குத்தான் அது இருக்கிறதே' என்று மூத்தவர்களைத் தள்ளிவிட எவ்வளவு நேரம் ஆகும்?

மழைக்குருவி:

நியாயமான பயம். அதற்கும் அந்தப் பழைய தொடரிலேயே ஒரு வழி இருந்தது. அதில் வென்றவரை அங்கேயே விட்டுவிடாமல் வருடத்தின் சாம்பியன்கள் மோதும் தொடருக்கு அழைத்தார்கள், அங்கே வயதுப் பிரிவு கிடையாது. மூத்தவர்கள் உள்ளே வர அது ஒரு கூடுதல் வாசலாக இருந்தது. நான் கேட்பதும் அப்படி ஒரு வாசல்தான்.

வினாவிரும்பி:

பொது வாசல் திறந்தே இருக்கும் என்று எழுத்தில் விதி போட்டால் நான் எதிர்க்க மாட்டேன். விதி இல்லாமல் வந்தால் எதிர்ப்பேன். அம்மா, நீங்கள் மறுபடி விண்ணப்பிப்பீர்களா?

மாலைவெயில்:

போன வாரமே போட்டுவிட்டேன் தம்பி, பொதுத் தொடருக்கு. தனித் தொடர் வந்தால் அதற்கும் போடுவேன். தட்டினால் முனை வெளியே வருகிற பேனா ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தினமும் ராத்திரி செய்தி வாசிப்பவரின் ஒவ்வொரு வாக்கியம் முடியும் இடத்திலும் அழுத்திப் பழகுகிறேன். முதல் வாரம் எல்லாமே முந்திப் போனது. இப்போது பத்துக்கு ஆறு சரியாக விழுகிறது. பெயர்களுக்குத்தான் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை, யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

நேர்கோடு:

பெயரை மட்டும் தனியாக மனப்பாடம் செய்யாமல், முகத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள் அம்மா. வாயால் அடிக்கடி சொன்ன பெயர் சீக்கிரம் வரும். ஐம்பது படங்களைத் தொகுத்து நாளைக்குள் இங்கே போடுகிறேன், விஞ்ஞானிகளிலிருந்து தொடங்குவோம்.