வீட்டு வாட்ஸ்அப் குழு: மார்மன் ஞானஸ்நானம் செல்லுமா?

ரூபன்: அருள் மாமா, ஒரு சந்தேகம். அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல கத்தோலிக்கப் பொண்ணு, மார்மன் பையன், அதான் ஜோசப் ஸ்மித் ஆரம்பிச்ச சபைக்காரன். கத்தோலிக்கக் கோவில்ல கல்யாணம் நடத்த “கலப்பு மண அனுமதி” போதும்னு ஒருத்தர் எழுதியிருக்காரு. சரியா?

அருள் மாமா: போதாது. அந்த அனுமதி திருச்சபைச் சட்டம் 1124. நம்ம ஜெபா மாதிரி சி.எஸ்.ஐ. ஆட்களுக்கு, அதாவது செல்லுபடியாகுற ஞானஸ்நானம் வாங்கின பிற சபைக்காரங்களுக்குத்தான் அது. மார்மன் ஞானஸ்நானம் செல்லாதுன்னு 2001 ஜூன் 5-ல ரோம் சொல்லியாச்சு. அதனால இதுக்கு 1086, சமய வேறுபாட்டுத் தடை. விலக்கு வாங்கணும்.

அருள் மாமா: ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சுராதீங்க. 1124 அனுமதி வாங்காம விட்டா முறைகேடு, ஆனா அதனாலயே கல்யாணம் செல்லாமப் போகாது. 1086 விலக்கு இல்லாம நடந்தா அது கல்யாணமே இல்ல.

ஸ்டெல்லா மைனி: தண்ணி இருக்கு, பிதா சுதன் பரிசுத்த ஆவி பேரும் இருக்கு. அப்புறம் என்ன குறை மாமா?

ஜெபா சித்தி: தண்ணி விஷயத்துல அவங்கதான் நம்மளவிடக் கறார் 😄 முழுசா முக்கணும். ரெண்டு சாட்சி பக்கத்துல நிக்கணும். ஒரு கால்விரலோ கொஞ்சம் முடியோ மேல மிதந்தாக்கூட மறுபடி முக்குவாங்க. வார்த்தை பிசகினாலும் அப்படியே. எட்டு வயசுக்குக் கீழ கிடையவே கிடையாது. குழந்தை ஞானஸ்நானத்தை அவங்க வேதமான மார்மன் புஸ்தகம் (மொரோனி 8) வெளிப்படையாக் கண்டிக்குது.

அருள் மாமா: நாலு விஷயம் பாப்பாங்க ஸ்டெல்லா. தண்ணி, வார்த்தை, கொடுக்குறவர் நோக்கம், வாங்குறவர் மனநிலை. தண்ணியில தகராறே இல்ல. வார்த்தையும் காதுக்கு நம்ம வார்த்தைதான். உள்ள இருக்குற அர்த்தம்தான் வேற. நமக்கு மூணு ஆட்கள், ஒரே இறை இயல்பு. அவங்களுக்குப் பிதா தனி, குமாரன் தனி, ஆவியானவர் தனி. ஒருமைங்கிறது நோக்கத்துல மட்டும். பிதாவுக்குச் சதையும் எலும்பும் உள்ள உடம்பு உண்டுன்னு அவங்க வேதமே சொல்லுது: கோட்பாடும் உடன்படிக்கைகளும் 130:22. அர்த்தம் மாறினா நோக்கமும் மாறிருது.

ஸ்டெல்லா மைனி: ஆனா திருச்சபையை விட்டுப் பிரிஞ்ச தொனாத்துஸ் கூட்டத்தோட வாதாடும்போது அகுஸ்தினார் என்ன சொன்னாரு? பிரிஞ்சுபோனவன் கொடுத்தாலும் ஞானஸ்நானம் ஞானஸ்நானம்தான்னு. அது இங்க பொருந்தாதா?

ஜெபா சித்தி: மைனி சரியான இடத்துல கை வச்சுட்டா.

அருள் மாமா: தொனாத்துஸ் ஆட்கள் திரித்துவத்துல தப்பல, திருச்சபை பத்தின போதனையிலதான் தப்பினாங்க. ஆனா திரித்துவத்துலயே தப்பின சமோசாத்தா பவுலோட ஆட்கள் திரும்பி வந்தப்ப, மறுபடி ஞானஸ்நானம் கொடுங்கன்னு 325-ல நிசேயா சங்கமே 19-ம் விதியில சொல்லிருக்கு. மறுஞானஸ்நானம் புது விஷயமில்ல.

ஜெபா சித்தி: அண்ணே, பாதியைச் சொல்லிட்டு நிறுத்தாதீங்க. கான்ஸ்டான்டினோப்பிள் சங்கத்தோட பேர்ல வர்ற 7-ம் விதி ஆரியுஸ் கூட்டத்தை எண்ணெய் பூசி மட்டும் ஏத்துக்கச் சொல்லுது. குமாரன் படைக்கப்பட்டவர்னு சொன்ன கூட்டம் அது! அவங்களுக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமான்னு ஒரு மார்மன் கேட்டா, லேசுல பதில் சொல்ல முடியாது.

அருள் மாமா: கேள்வி நியாயம்தான். ரோம் தரப்பு பதில் இது: ஆரியுஸ் திருச்சபைக்குள்ள இருந்து, அந்த விசுவாசத்தைத் திரிச்சவன். மார்மன் போதனையில பிதாங்கிற சொல்லுக்கே வேற பொருள். அதனால இது திரிபு இல்ல, வேற அடித்தளம். எனக்கு இது ஏத்துக்கும்படியாத்தான் இருக்கு, ஆனா கோடு எங்க விழுதுன்னு ஆளுக்கு ஆள் மாறும்.

ரூபன்: ஒரு நிமிஷம். மார்மன் புஸ்தகத்துலயே மூணு பேரும் ஒரே தேவன்னு இருக்கே? 2 நேபி 31:21. அந்தப் புஸ்தகத்தோட முகப்புல வர்ற மூணு சாட்சிகளோட அறிக்கையும் அப்படித்தான் முடியுது.

ஜெபா சித்தி: ஆமாடா, விமரிசகர்களோட பலமான வாதமே அதுதான். 1830 பதிப்புல 1 நேபி 11:18, மரியாளை “தேவனுடைய தாய்”னு சொல்லுச்சு. 1837-ல “தேவகுமாரனுடைய தாய்”னு மாத்தினாங்க. பிதாவுக்கு உடம்புன்னு சொல்ற அந்த 130:22-ஐ ஜோசப் ஸ்மித் போதிச்சது 1843-ல. தேவனே ஒரு காலத்துல மனுஷனா இருந்தாருன்னு நாவூங்கிற ஊர்ல அவர் பிரசங்கம் பண்ணினது 1844 ஏப்ரல் 7. அதே வருஷம் ஜூன் 27-ல கார்த்தேஜ் சிறையில அவரைக் கொன்னுட்டாங்க. போதனை வருஷத்துக்கு வருஷம் நகந்துச்சுன்னு விமரிசகர்கள் சொல்லுவாங்க. வெளிப்பாடு படிப்படியாத்தான் வரும், 1837-ல செஞ்சது வெறும் விளக்கம்னு மார்மன்கள் சொல்லுவாங்க.

ஜெபா சித்தி: இன்னொண்ணு. அந்த 1844 பிரசங்கம் அவங்க வேதத் தொகுப்புல கிடையாது. அதைக் காட்டி “இது உங்க வேதம்”னு சண்டைக்குப் போற போதகர் அங்கேயே மாட்டிக்குவாரு. 130:22 வேதம். அதுல இருந்து ஆரம்பிக்கணும்.

ஸ்டெல்லா மைனி: மனுஷன் தேவனாகலாம்னு சொல்றதுக்குப் பழைய சபைப் பிதா அத்தனாசியாரைத் துணைக்குக் கூப்பிடுவாங்களே?

அருள் மாமா: கூப்பிடுவாங்க. அவர் சொன்னது கிருபையால பங்கு பெறுறது. படைச்சவர் வேற, படைப்பு வேறங்கிற கோட்டை அவர் அழிக்கவே இல்ல. மார்மன் போதனையில அந்தக் கோடே இல்ல. தேவனும் மனுஷனும் ஒரே இனம்.

ஜெபா சித்தி: நம்ம புராட்டஸ்டண்ட் ஆட்கள் பேசின பேச்சும் சுத்தமில்ல. 2004 நவம்பர்ல சால்ட் லேக் நகரத்துல மார்மன்களோட டாபர்நேக்கிள் மண்டப மேடையில ஃபுல்லர் இறையியல் கல்லூரித் தலைவர் ரிச்சர்ட் மவ், உங்க போதனையைத் திரிச்சுச் சொல்லி உங்களுக்கு விரோதமாப் பாவம் செஞ்சோம்னு பகிரங்கமா ஒத்துக்கிட்டாரு. அதுக்கு அவர் சொந்த ஆட்கள்கிட்ட வாங்கின வசவு கொஞ்சமில்ல.

ரூபன்: ரோம் தீர்ப்பு மார்மன்களுக்கு அவமானமா இருந்திருக்காதா?

அருள் மாமா: அவங்க 1830-லயே மத்த சபைகளோட ஞானஸ்நானத்தைப் பத்தி இதையே சொல்லியாச்சு. கோட்பாடும் உடன்படிக்கைகளும் 22 எடுத்துப் பாரு. வேற சபையில நூறு தடவை ஞானஸ்நானம் வாங்கியிருந்தாலும் பிரயோஜனமில்லன்னு இருக்கும். நானோ ஜெபாவோ போனாலும் மறுபடி முக்குவாங்க. அவங்களுக்கு அர்த்தத்தைவிட ஆசாரிய அதிகாரம்தான் பிரச்சினை.

ஸ்டெல்லா மைனி: கத்தோலிக்கக் குழந்தையா ஞானஸ்நானம் வாங்கி, மார்மன் சபைக்குப் போயி, திரும்பி வந்தா?

அருள் மாமா: பழைய ஞானஸ்நானம் அப்படியே நிக்கும். மறுபடி கொடுக்கக் கூடாது. மார்மன் சபையிலயே பொறந்து வளந்தவர் வந்தாத்தான் முழுசா ஞானஸ்நானம், அதுவும் சந்தேகத்தின் பேர்ல கொடுக்குற நிபந்தனை ஞானஸ்நானம் இல்ல. ரூபன், அந்தப் பையன் சின்ன வயசுல வேற எந்தச் சபையிலயாவது செல்லுபடியாகுற ஞானஸ்நானம் வாங்கியிருக்கானான்னு முதல்ல கேக்கச் சொல்லு. வாங்கியிருந்தா 1086 போயி மறுபடி 1124 ஆயிரும்.

ரூபன்: சரி மாமா, கேக்கச் சொல்றேன் 👍