ஆற்றுக்கும் கடலுக்கும் ஒரே கயாக் போதுமா? தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நத்தால் நண்பர்களின் அனுபவங்கள்

பீனிக்ஸ் வாசி

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை வருஷமும் கரையில் நின்றே தூண்டில் போட்டவன் நான். இப்போது ஒரு கயாக் (சின்னத் துடுப்புப் படகு) வாங்கலாம் என்று ஆசை. கையில் எட்டாயிரம் ராண்ட் இருக்கிறது, அதற்கு மேல் இப்போதைக்கு முடியாது. ப்ளூ லகூன் பக்கம் உம்கேனி ஆறு, இனாண்டா அணை, காற்று இல்லாத நாளில் கொஞ்சம் கடல். இவ்வளவுக்கும் ஒன்றே போதுமா? கடையில் கேட்டால் எதைக் காட்டினாலும் "எல்லாத்துக்கும் சரி" என்கிறார்கள். சொந்தக் காசு போட்டு வாங்கி ஓட்டியவர்கள் சொன்னால் நம்பிக்கையாக இருக்கும்.

இசிப்பிங்கோ கடலோடி

தம்பி, வருஷத்தில் பெரும்பாலான நாள் எந்தத் தண்ணீரில் இருக்கப் போகிறாய் என்பதை முதலில் முடிவு செய். மற்ற எல்லாம் அதற்கப்புறம்தான்.

நம் கடற்கரை கேப் பக்கத்து வளைகுடாக்களைப் போல இல்லை. ஒதுங்க இடமே கிடையாது. கடலுக்குள் போக வேண்டுமென்றால் அலை உடைகிற இடத்தைக் கிழித்துக்கொண்டு பேக்லைனை, அதாவது அலை உடையத் தொடங்குகிற கோட்டை, தாண்ட வேண்டும். அதனால்தான் டர்பன்காரர்கள் பல வருஷமாகப் பாடில்-ஸ்கி மாதிரியான நீண்ட, ஒல்லியான ஃபைபர்கிளாஸ் வகையையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். டர்பனிலேயே பிறந்த ஸ்டெல்த் கம்பெனியின் கயாக்கும் அந்த வகைதான். நான் ஓட்டுவதும் பழைய ஸ்டெல்த் ஒன்று, நாலே முக்கால் மீட்டர் நீளம். தூண்டில் கம்புகளை முன்பக்க ஹேட்ச் என்கிற மூடி போட்ட அறைக்குள் படுக்க வைத்து மூடிவிடலாம். அலை புரட்டிப் போட்டாலும் சாமான் போகாது. அலையில் இறங்கும்போது கம்பை வெளியே ஹோல்டரில் நிறுத்தி வைத்திருப்பவர் அதைக் கடலுக்குத் தானம் செய்யத் தயாராக இருக்க வேண்டும்.

ஒரு ஆகஸ்ட் காலை நடந்ததைச் சொல்கிறேன். அமன்சிம்டோட்டியில் நாலைந்து பேர் இறங்கினோம். மலைப்பக்கத்திலிருந்து பெர்க் காற்று அடித்துக்கொண்டிருந்தது. குளிர்காலத்திலும் அந்தக் காற்று அடுப்பு வாயைத் திறந்தது போலச் சுடும். அது நிலத்திலிருந்து கடலுக்கு வீசுவதால் கரையோரத் தண்ணீர் தட்டையாகத் தெரியும், பார்க்கிறவருக்கு இறங்கத் தோன்றும். நாங்கள் இரண்டு கிலோமீட்டர் வெளியே இருந்தபோது காற்று சட்டென்று நின்றது. கொஞ்ச நேரத்தில் தென்மேற்கே தண்ணீரில் கறுப்பாக ஒரு கோடு. தென்மேற்குக் காற்று வரப்போகிறது என்று அர்த்தம். உடனே எல்லோரும் திரும்பிவிட்டோம். நீளமான ஸ்கி வைத்திருந்தவர்கள் காற்று முற்றுவதற்குள் கரை சேர்ந்தோம். எங்களோடு வந்த ஒரு நண்பரிடம் இருந்தது மூன்று மீட்டர் பிளாஸ்டிக், அகலம் எண்பது சென்டிமீட்டர். உடம்பில் பலம் உள்ள ஆள், துடுப்பை விடாமல் போட்டார். ஆனால் காற்று அவரைக் கரையோடு வடக்கே தள்ளிக்கொண்டே போனது. கடைசியில் இசிப்பிங்கோ பீச் பக்கம் பாறைகளுக்கு நடுவே கரை ஏறினார். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார், துடுப்பு கயிற்றில் கட்டியிருந்தது, தொலைபேசி தண்ணீர் புகாத பையில் கழுத்தில் தொங்கியது. அவர் திரும்பி வந்ததற்கு அந்த மூன்றும் காரணம்.

அந்தக் குட்டைக் கயாக் மோசமான சாமான் இல்லை. ஆற்றில் அதைப் போல வசதி கிடையாது. காற்றை எதிர்த்துத் தூரம் போக அது செய்யப்படவில்லை, அவ்வளவுதான்.

டொங்காட் அக்கா

அண்ணன் சொன்ன ஸ்கியை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். அறுபது, அறுபத்தைந்து சென்டிமீட்டர் அகலத்தில் உட்கார்ந்துகொண்டு மீனை அவிழ்ப்பது எனக்குச் சரிப்படவில்லை. நான் போவது அணைக்கும் அமைதியான கழிமுகத்துக்கும்தான்.

தம்பிக்கு நான் சொல்ல விரும்புவது எடை. இதை விளம்பரத்தில் சின்ன எழுத்தில் போடுவார்கள். நாலு மீட்டர் பிளாஸ்டிக் கயாக் என்றால் முப்பது கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். சீட், கம்பு, தண்ணீர், மீன் பெட்டி எல்லாம் சேர்ந்தால் இன்னும் அதிகம். கார் கூரைக்கு அதைத் தனியாக ஏற்ற முடியுமா? என்னிடம் முதலில் இருந்தது முப்பத்தாறு கிலோ. என் வீட்டுக்காரர் ஷிஃப்ட் வேலைக்குப் போனால் அது காராஜில் கிடக்கும். இப்போது இருப்பது மேலே உட்கார்ந்து ஓட்டுகிற மூன்று மீட்டர் சிட்-ஆன்-டாப், இருபது கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஒரு முனையைக் கூரையில் சாய்த்து மறு முனையைத் தூக்கித் தள்ளிவிடுவேன். யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை, அதனால் நினைத்த காலையில் கிளம்ப முடிகிறது. விலையில் மிச்சம் பிடித்ததைவிட இது எனக்குப் பெரிசு.

எவ்வளவு சுமை தாங்கும் என்று போட்டிருப்பதையும் அப்படியே நம்பாதே தம்பி. நூற்றைம்பது கிலோ என்றால் நூறு, நூற்றைந்து கிலோவோடு நிறுத்திக்கொள். அதற்கு மேல் போனால் மிதக்கும், ஆனால் உட்காரும் இடத்தில் தண்ணீர் நிற்கும், திரும்பச் சொன்னால் திரும்பாது.

ஊதி நிரப்புகிற ரகத்தைப் பற்றி யாராவது கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன். ஆல்பர்ட் ஃபால்ஸில் பாஸ் மீன் பிடிக்க அக்கம்பக்கத்தார் கொண்டு வருகிறார்கள். வீட்டில் வைக்க இடமில்லாதவர்களுக்கு நல்லது. காற்று வந்தால் காகிதம்தான். கெளுத்தி முள்ளும் தூண்டில் முள்ளும் இருக்கிற வேலைக்கு எனக்கு மனசு வரவில்லை.

ப்ளூ லகூன் பற்றி ஒரு வார்த்தை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர் நிலையங்கள் பழுதான பிறகு உம்கேனித் தண்ணீர் எப்படி ஆனது என்று நமக்கெல்லாம் தெரியும். எத்தனையோ நாள் பீச்சையே மூடி வைத்தார்கள். சிட்-ஆன்-டாப்பில் அடியில் இருக்கிற ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் மேலே வரத்தான் செய்யும், இடுப்புக்குக் கீழ் நனையாமல் இருக்க முடியாது. காலில் புண் இருந்தால் போகாதே. மழை கொட்டி இரண்டு மூன்று நாளுக்கு அந்தப் பக்கமே வேண்டாம். அந்தப் பாழாய்ப்போன தண்ணீரைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது, நம் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் மீன் பிடிக்கப் பழகினார்கள்.

மெர்பேங்க் பெரியவர்

அந்த அம்மா சொன்னது அத்தனையும் உண்மை.

எங்கள் குடும்பம் டர்பன் துறைமுக விரிகுடாவில் வலை இழுத்த குடும்பம். சாலிஸ்பரி தீவில் நம்மவர்கள் குடிசை போட்டு, படகும் வலையும் வைத்துப் பிழைத்த காலம் ஒன்று இருந்தது. ஒப்பந்தக் கூலியாக வந்து, தவணை முடிந்ததும் கரும்புக்குத் திரும்பாமல் கடலுக்குப் போனவர்கள் அவர்கள். போர்க்காலத்தில் கடற்படைக்காக அந்தத் தீவை எடுத்துக்கொண்டார்கள். என் தாத்தா சொல்லிச் சொல்லி எனக்குப் பழகியது ஒன்று: படகைப் பார்ப்பதற்கு முன் ஏற்றவற்றத்தைப் பார். விரிகுடாவின் நடுவில் இருக்கிற மணல் திட்டு வற்றத்தில் வெளியே தெரியும். அங்கே அரை அடித் தண்ணீரில் போகிற கயாக்தான் உனக்குப் பிரயோஜனம். அடியில் சுக்கான் நீட்டிக்கொண்டிருப்பதும் மிதிக்கிற பெடல் உள்ளதும் சேற்றில் சிக்கும். விலையும் உன் கைக்கு எட்டாது. துடுப்பு போதும்.

கப்பல் போகிற வாய்க்காலைக் குறுக்கே கடக்காதே. கப்பலால் நிற்கவும் முடியாது, உன்னைப் பார்க்கவும் முடியாது.

எட்டாயிரத்தையும் கயாக்குக்கே கொட்டிவிடாதே அப்பா. ஐயாயிரம், ஐயாயிரத்து ஐந்நூறுக்குள் பழையதாகப் பார். மிச்சத்தில் நல்ல லைஃப் ஜாக்கெட், கைகளைத் தூக்கி வீசினாலும் அக்குளில் உரசாதது. துடுப்பில் கனம் குறைந்தது. துடுப்புக்கு ஒரு கயிறு, விசில், கத்தி. கடல் மீன் பிடிக்கத் தபால் நிலையத்தில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அணையிலும் ஆற்றிலும் பிடிக்க மாகாண வனவிலங்குத் துறையான எசெம்வெலோவின் சீட்டு தனி.

கவிழ்ந்தால் திரும்ப ஏறப் பழகிக்கொள். புரட்டாசியில் நம் வீடுகளில் பாதிப் பேர் மீனைத் தொட மாட்டோம். அந்த மாதம் அதற்கு நல்ல மாதம். அணையில் நெஞ்சளவுத் தண்ணீரில் வேண்டுமென்றே கவிழ்த்து, வயிற்றை மேலே இழுத்துப் படுத்து, திரும்பி உட்கார். உடம்புக்குப் பழகும் வரை செய். விரதம் முடிந்த கையோடு ஷேட் மீன் பிடிக்க ஓடவும் முடியாது, அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரை ஷேட் பிடிக்கத் தடை. டிசம்பரில் பிடித்தாலும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு நாலு, முப்பது சென்டிமீட்டருக்குக் குறைந்ததை விட்டுவிட வேண்டும்.

ஷெப்ஸ்டன் ஆற்றங்கரை

நான் உம்சிம்குலு ஆற்றில் ஓட்டுகிறேன். முகத்துவாரம் பெரும்பாலும் திறந்திருப்பதால் கடல் மீனெல்லாம் உள்ளே வரும்: கிரண்டர், காப், ராக் சால்மன். ராக் சால்மன் மாட்டினால் அது நேரே மரக்கட்டைக்குள்ளும் பாறைக்குள்ளும் இழுத்துக்கொண்டு போகும். கயாக்கையே திருப்பிவிடும். அந்த நேரத்தில் அகலம் இருக்கிற கயாக்தான் காப்பாற்றும், அதனால் ஆற்றுக்கு அகலம் என்று சொல்பவர்களோடு நான் இருக்கிறேன்.

மீன் மட்டும் உள்ளே வருவதில்லை. ஒரு மாலை, ஏற்றம் ஏறிக்கொண்டிருந்த நேரம், நல்ல காப் ஒன்றைக் கயாக் பக்கம் கொண்டு வந்துவிட்டேன். கை நீட்டும் தூரம். அடியில் பழுப்பு நிறத்தில் ஒரு அகலமான முதுகு போனது, கம்பு ஒரு தரம் வளைந்தது, கையில் மிஞ்சியது தலை மட்டும். ஜாம்பசிச் சுறா, காளைச் சுறா என்றும் சொல்வார்கள். அது உவர்நீர், நன்னீர் என்று பார்க்காது, ஆற்றில் வெகுதூரம் ஏறும். 2009இல் மேற்கு கேப்பில் பிரீட் ஆற்றில் நாலு மீட்டர் பெண் சுறா ஒன்றைப் பிடித்து விட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து மீனைக் காலுக்குப் பக்கத்தில் கயிற்றில் கட்டித் தண்ணீரில் தொங்கவிடுவதை நிறுத்திவிட்டேன். பிடித்ததும் பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவேன். கயாக் வாங்கும்போது பின்னால் பெட்டி வைக்கக் குழி இருக்கிறதா என்று பாருங்கள்.

கடல் பக்கம் போகிறவர்களுக்கும் இதே கதைதான். சுறா வலை இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். சார்க்ஸ் போர்டு போடுகிற வலை துண்டு துண்டாகத்தான் இருக்கும், மேலேயும் ஓரத்திலும் வழி உண்டு. மத்தி ஓட்டம் வருகிற ஜூன், ஜூலையில் அதையும் எடுத்துவிடுவார்கள். வலை மிதவையில் கயாக்கைக் கட்டக் கூடாது.

பிளாஸ்டிக்கா ஃபைபரா என்று கேட்டால், பாறையும் சிப்பியும் உள்ள ஆற்றுக்குப் பிளாஸ்டிக். இழுத்தாலும் உரசினாலும் கவலை இல்லை. ஃபைபர் உடைந்தால் துணியும் ரெசினும் வைத்து வீட்டிலேயே ஒட்டிவிடலாம், பிளாஸ்டிக்கில் விரிசல் வந்தால் ஒட்டுவது கஷ்டம். நம் வெயிலில் போட்டு வைத்த பிளாஸ்டிக் சில வருஷத்தில் வெளிறி மொறமொறப்பாகிவிடும். நிழலில் வைத்தவரிடம் வாங்குங்கள்.

பீனிக்ஸ் வாசி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கடலை இந்த வருஷம் ஒதுக்கி வைத்துவிட்டேன். அணையும் விரிகுடாவும்தான். பைன்டவுனில் ஒருவர் 3.3 மீட்டர் சிட்-ஆன்-டாப் விற்கிறார், இருபத்தைந்து கிலோ என்கிறார், ஐயாயிரத்து இருநூறு கேட்கிறார். படத்தில் நன்றாக இருக்கிறது. நேரில் போனால் என்ன பார்க்க வேண்டும்?

இசிப்பிங்கோ கடலோடி

புரட்டிப் போடச் சொல். அடியில் குதிகால் வைக்கிற இடத்துக்குக் கீழேயும், தண்ணீர் வடியும் குழாய்கள் அடித்தட்டோடு சேருகிற இடத்திலும் விரல் வைத்துத் தடவு. விரிசல் முதலில் அங்கேதான் விழும். பின்பக்க முனை ரொம்பத் தேய்ந்திருந்தால், ஆள் வருஷக்கணக்கில் சிமெண்டில் இழுத்திருக்கிறார். அந்த இடத்தில் பிளாஸ்டிக் மெலிந்திருக்கும். கட்டைவிரலால் அழுத்திப் பார், தகரம் போல உள்ளே போய் வந்தால் வேண்டாம்.

ஹேட்ச் ரப்பரை மடக்கிப் பார், காய்ந்திருந்தால் விலையைக் குறைக்கச் சொல், புது ரப்பர் போட்டுக்கொள்ளலாம். அப்புறம் அடைப்பானைக் கழற்றி ஒரு பக்கம் சாய்த்து ஆட்டு. உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்டால் எங்கிருந்து வந்தது என்று அவர் சொல்லியாக வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் வாங்கிய பழைய கயாக்கில், கம்பு ஹோல்டர் போட்ட திருகு ஓட்டைகளைச் சீல் செய்யாமலே விற்றிருந்தார்கள். விரிகுடாவில் ஒரு மணி நேரத்தில் பின்பக்கம் அமுங்க ஆரம்பித்தது. அதனால் திருகு இருக்கிற ஒவ்வொரு இடத்தையும் பார்.

டொங்காட் அக்கா

குளியலறைத் தராசைக் கொண்டு போ தம்பி. நீ அதைத் தூக்கிக்கொண்டு நின்று பார்த்தால் இருபத்தைந்து கிலோவா முப்பதா என்று தெரிந்துவிடும்.

மெர்பேங்க் பெரியவர்

தொலைபேசியில் கடல் மீட்புச் சங்கத்தின் சேஃப்டிஆர்எக்ஸ் செயலியைப் போட்டுக்கொள், காசில்லை. கிளம்பும்போது எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று அதில் போட்டுவிட்டு, வீட்டிலும் சொல்லிவிட்டுப் போ.

இசிப்பிங்கோ கடலோடி

அவர் சனிக்கிழமை காட்டுவார் என்றால் நானும் வருகிறேன். என் பேக்கியில் (பிக்-அப் வண்டியில்) ரூஃப் ராக் இருக்கிறது. பிடித்திருந்தால் அப்படியே ஏற்றிக்கொண்டு இனாண்டாவுக்குப் போய் இறக்கிப் பார்த்துவிடலாம்.