புதுப்பிப்பு: அத்தையின் தமாக்சிஃபென் மாத்திரை

செங்கோட்டையில் வசிக்கும் என் அத்தை, மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின், நோய் திரும்பாமலிருக்க, தினமும் 20 மில்லிகிராம் தமாக்சிஃபென் எடுத்துவருகிறார்; உடல் திடீரெனக் கொதித்து வியர்ப்பதால் அதை நிறுத்தலாமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். ஆரியங்காவு வழியாகத் திருவனந்தபுரம் சென்று மருத்துவரைப் பார்த்தோம். நிறுத்தக் கூடாது என்றார். மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சென்று பற்றும் ஏற்பியை அடைக்கும் இம்மருந்து, கருப்பையில் ஈஸ்ட்ரோஜனைப் போலவே செயல்பட்டு அங்கே புற்றைத் தூண்டக்கூடியது என்பதால், மாதவிடாய் நின்றுவிட்ட அத்தைக்குச் சிறிது உதிரம் தென்பட்டாலும் உடனே வரவேண்டும் என்று இருமுறை வலியுறுத்தினார். உடல் கொதிப்புக்கென வேறொரு மருத்துவர் எழுதித் தந்திருந்த பராக்சிட்டின் என்ற மனச்சோர்வு மருந்தை (முதல் பதிவில் இதைக் குறிப்பிடாதது என் பிழை) படிப்படியாகக் குறைத்து நிறுத்தச் சொன்னார். தமாக்சிஃபெனை வீரியம் மிக்க எண்டாக்சிஃபெனாக மாற்றும் கல்லீரல் நொதியைப் பராக்சிட்டின் முடக்கிவிடுகிறது. அதற்கு மாற்றாகத் தந்த வென்லாஃபாக்சினில் இரவுத் தூக்கமாவது திரும்பியிருக்கிறது.