பிள்ளையை நானும்தான் வளர்க்கிறேன்: இதை வீசாவுக்குக் கடதாசியில் எப்படிக் காட்டினீர்கள்?

ஹரோவாசி:

மனைவியின் வீசாவில் லண்டன் வந்தவன் நான். அவர் பிரித்தானியக் குடியுரிமை உள்ளவர், மகளும் அப்படியே. கலியாணம் முறிந்தபோது அந்த வீசாவுக்கு இருந்த காரணமும் போய்விட்டது. பெற்றோர் வழியில், அதாவது இங்கே வாழும் பிள்ளையின் தகப்பன் என்ற முறையில், விண்ணப்பிக்கலாம் என்றார் சட்டத்தரணி. பிள்ளை வழமையாகத் தாயோடு இருக்கலாம், தாய் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ளவராக இருக்கவேண்டும். தகப்பன் பிள்ளையை நேரில் சந்திக்கிறார், வளர்ப்பில் பங்கெடுக்கிறார், இனியும் பங்கெடுப்பார் என்று காட்டவேண்டும். கிடைத்தால் 30 மாத வீசா. நேரில் என்பதில் சட்டத்தரணி கண்டிப்பாக இருந்தார். வட்சப்பில் முகம் பார்ப்பதெல்லாம் கணக்கில் வராதாம்.

எங்கள் ஒழுங்கு இது. வியாழன் பள்ளிக்கூடம் விட்டதில் இருந்து ஞாயிறு பின்னேரம் வரை மகள் என்னோடு. தாய் தாதி, அவருக்கு அந்த நாட்களில் இரவு வேலை. எங்களுக்குள் பிள்ளை விசயத்தில் சண்டை கிடையாது. சண்டை இல்லாதபடியால் எதையும் எழுதி வைக்கவும் இல்லை. கோர்ட்டுக்குப் போனவர்களிடம் கட்டளையாவது இருக்கும், எங்களிடம் சமையலறைச் சுவரில் ஒரு கலண்டர்தான் இருந்தது.

முதல் நாள் நான் கொண்டுபோனது படங்கள். பிறந்தநாள், தேர்த் திருவிழா, கடற்கரை என்று நூற்றுக்கு மேலே. சட்டத்தரணி பத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தந்தார். “பிறந்தநாளுக்குப் பெரியப்பாவும்தான் வருவார் தம்பி. வெள்ளிக்கிழமை காலமை ஆர் பிள்ளையைக் கொண்டுபோய் விடுறது? அதுக்கு என்ன வைச்சிருக்கிறீர்?”

ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் கடிதம் கேட்டேன். ‘தகப்பனின் பெயர் எங்கள் தொடர்புப் பட்டியலில் உண்டு’ என்று ஒரேயொரு வரி வந்தது. பிரிந்த பெற்றோர் விசயத்தில் ஒரு பக்கம் சாயமாட்டோம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். எனக்குச் சரியான கோபம். இப்போது யோசித்தால் பிழை என் கேள்வியில்தான். நான் ‘நல்ல தகப்பன்’ என்று எழுதச் சொல்லிக் கேட்டிருந்தேன். இரண்டாம் முறை பதிவில் இருப்பதை மட்டும் கேட்டேன்: வியாழன், வெள்ளி யார் கூட்டிப்போகிறார், பெற்றோர் சந்திப்புக்கு யார் வந்தார், வகுப்பில் சத்தி எடுத்தபோது யாருக்கு அழைத்தீர்கள், எந்தத் திகதி. இரண்டு கிழமையில் தலைமை ஆசிரியையின் கையெழுத்தோடு ஒரு பக்கக் கடிதம் கிடைத்தது.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் நேரெதிர். கேட்ட அன்றே ‘பாசமிகு தந்தை’ என்று தொடங்கி அழகான தமிழில் ஒரு பக்கம் எழுதித் தந்துவிட்டார்கள். தேடிப் பார்த்தால் திகதி ஒன்றுகூட இல்லை. பிறகு அவர்களிடம் வரவு இடாப்பின் பிரதியை வாங்கினேன், கூட்டிவந்தவர் கையெழுத்து ஒவ்வொரு சனியும் என்னுடையது. அது பெறுமதி.

முன்னாள் மனைவியோடு பரிமாறிய வட்சப் செய்திகள் தமிழில் இருந்தன. ஆங்கிலமோ வெல்ஷோ அல்லாத எதையும் மொழிபெயர்க்கவேண்டும், பெயர்த்தவர் சரியான மொழிபெயர்ப்பு என்று உறுதிகூறி, திகதி, முழுப்பெயர், தொடர்பு விபரம் எழுதவேண்டும். சொல்லுக்கு இவ்வளவு என்று காசு. அதனால் ஒரு வருடத்தில் இருந்து பன்னிரண்டு செய்தியை மட்டும் பொறுக்கினேன். ‘காய்ச்சல் 39, கல்போல் குடுத்திட்டன், நாலு மணிக்குத்தான் அடுத்தது’ என்பது அதில் ஒன்று (கல்போல் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் காய்ச்சல் மருந்து). படங்களைவிட அந்த வரி பாரம் என்றார் சட்டத்தரணி.

தாயும் ஒரு கடிதம் கையெழுத்திட்டுக் கடவுச்சீட்டுப் பிரதியோடு தந்தார். அவருக்கு நன்றிக்கடன் உண்டு.

கைவிரல் அடையாளம் கொடுக்கப் போனபோது நாலு விரல் தடிப்பில் ஒரு கோப்பைக் காவிக்கொண்டு போனேன். ஒருவரும் தொடவில்லை. எல்லாம் முதலே இணையத்தில் ஏற்றியாகிவிட்டதே. ஐந்து மாதம் கழித்து முடிவு வந்தது. பழைய வீசா முடிய முதலே விண்ணப்பித்தபடியால் காத்திருந்த காலத்தில் வேலைக்குச் சிக்கல் வரவில்லை.

ஈஸ்ட்ஹாம் அக்கா:

தம்பி குடுத்துவைத்தவர். எனக்கு அந்த மனிசன் கையெழுத்தே போடவில்லை, பிள்ளையைப் பார்க்கவும் விடவில்லை. முதலில் மத்தியஸ்தம் பற்றிய சந்திப்பு, அது சரிவராமல் குடும்ப நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்கும் சி100 படிவம், பிறகு பிள்ளையின் நலன் பற்றி நீதிமன்றத்துக்குச் சொல்லும் கஃப்காஸ் அமைப்பின் ஆள் தொலைபேசியில் கேள்வி. கடைசியில் பிள்ளை இருவரோடும் வாழும் என்று கட்டளை கிடைத்தது. பழைய ஆட்கள் இதைக் ‘கஸ்டடி’ என்பார்கள், 2014இல் இருந்து பிள்ளை ஏற்பாட்டுக் கட்டளை என்றுதான் பெயர். ஒன்று கவனம்: கஃப்காஸ் அறிக்கையை வீசா கொடுக்கும் ஹோம் ஒபிசுக்கு நீங்களாகத் தூக்கி அனுப்பக்கூடாது. நீதிபதியிடம் அனுமதி கேட்கவேண்டும் என்று என் சட்டத்தரணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். கட்டளை கையில் இருந்தும், அதன்படி பிள்ளை உண்மையிலேயே வந்துபோகிறது என்றதற்கு ஜீபி (குடும்ப வைத்தியர்), பல் வைத்தியர் கடிதங்கள் வேறாகச் சேர்த்தேன். நீதிமன்றம் சொன்னது ஒன்று, வீட்டில் நடக்கிறது இன்னொன்று என்று அவர்களுக்கும் தெரியும்தானே.

குரோய்டன் அப்பா:

காசைக் கையில் கொடுக்காதீர்கள். நான் இரண்டு வருடம் அப்படிக் கொடுத்து, காட்ட ஒன்றும் இல்லாமல் நின்றேன். வங்கியில் அனுப்புங்கள், குறிப்பில் ‘சப்பாத்து’, ‘நீச்சல்’ என்று எழுதுங்கள். 18 எழுத்துத்தான் இடம், அதுவே போதும். பிரிந்த பெற்றோர் பிள்ளைக்குக் கொடுக்கவேண்டிய காசைக் கணக்கிடும் பிள்ளைப் பராமரிப்புச் சேவை, பிள்ளை எங்களோடு தங்கும் இரவுகளை எண்ணித்தான் காசைக் குறைக்கும், வருடம் 52 இரவில் இருந்து தொடங்கும். அந்தக் கணக்குக்காக நான் வைத்திருந்த கொப்பியே பிறகு வீசாவுக்கும் உதவியது.

ஹரோவாசி:

அக்கா, அந்த அனுமதி விசயம் எனக்குத் தெரியாது, நன்றி. அண்ணா, உங்கள் கணக்கில் எனக்கு வாரம் 3 இரவு, வருடத்துக்கு 156. 30 மாதம் முடிய இதே கடதாசிகளை மறுபடி காட்டவேண்டும், அதனால் கொப்பி ஒன்று வாங்கிவிட்டேன். மகள் முதல் பக்கத்தில் பூனை கீறி வைத்திருக்கிறாள்.