கொற்கை முதல் மணப்பாடு வரை: மனதை விட்டுப் போகாத ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

வாய்க்கால்மேடு:

நானே ஆரம்பிக்கிறேன். தூத்துக்குடிப் பக்கம் ஏரலில் இறங்கி ஆட்டோ பிடித்துக் கொற்கைக்குப் போனேன். சங்கப் பாட்டில் முத்துக்குப் பேர்போன துறை, பெரிப்ளூஸ் என்ற பழைய கிரேக்கக் கடல்வழிக் குறிப்பில் 'கொல்கி' என்று வரும் ஊர், அதெல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரியும். கடல் இப்போது அங்கிருந்து 6, 7 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதும் எனக்குத் தெரிந்ததுதான். தெரிந்திருந்தும் மண்டைக்குள் ஒரு கடற்கரையை வைத்துக்கொண்டே போயிருக்கிறேன். இறங்கிப் பார்த்தால் வாழைத்தோட்டம்.

அந்தப் பழைய வன்னிமரத்தடியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். "கடல் பாக்க வந்தியளோ? அது போயி ரொம்ப நாளாச்சே" என்றார். முந்தின நாள் பஸ் ஏறிப் போன ஆளைச் சொல்கிற மாதிரி. அப்புறம் எழுந்து வாய்க்கால் கரைக்குக் கூட்டிப்போனார். குச்சியால் கரையைக் கிளறிச் சங்குத்துண்டு ஒன்றை எடுத்து, வேட்டியில் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு பக்கம் உடைந்த விளிம்பு, மறுபக்கம் வாள் போட்டு அறுத்த நேர்கோடு. வளையலுக்கு அறுத்த மிச்சம். "பிள்ளைய சில்லு விளையாட எடுத்துட்டுப் போவும்" என்றார்.

நான் அதைப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் கை ஒரு நொடி நீட்டியபடியே நின்றது. பார்க்கத் தந்தாரா, வைத்துக்கொள்ளத் தந்தாரா? ஆறு வருடமாக அந்தத் துண்டு மேசை இழுப்பறையில் இருக்கிறது. திறக்கும்போதெல்லாம் அந்தக் கைதான் ஞாபகத்துக்கு வருகிறது.

ரெண்டாம்பந்தி:

என்னுடையது மக்ரூன். தூத்துக்குடியில் வாங்காமல் திரும்ப முடியாதே. கடையில் கெஞ்சிக் கேட்டுப் பின்பக்கம் அடுப்படிக்குப் போய்விட்டேன். விறகு அடுப்பு, சுவரெல்லாம் கரி. மாஸ்டர் முட்டை வெள்ளைக்கருவை அடித்துக்கொண்டிருந்தார். சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத பதம் வந்த பிறகுதான் முந்திரிப் பொடி. மாவு ஒரு துளி கிடையாது. காகிதக் கூம்பில் நிரப்பித் தட்டில் பிழிந்தார். ஒவ்வொன்றும் ஒரே உயரம், நுனியில் ஒரு சின்னச் சுழி.

நான் படித்த அறிவைக் காட்டாமல் இருப்பேனா? "இது போர்த்துக்கீசியர் செஞ்சதுதானே அண்ணே?" என்றேன். அவர் கூம்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இல்லை, இது நான் செஞ்சது" என்றார்.

அவ்வளவுதான். கோபமா, கிண்டலா என்றுகூடக் குரலில் தெரியவில்லை. கால் கிலோ வாங்கப் போனவன் ஒரு கிலோ வாங்கி வந்தேன்.

கச்சான்காற்று:

மேலே இருவருக்கும். முதலில் சங்குத்துண்டு. கொற்கையில் 1968-இல் தொல்லியல் துறை தோண்டியபோது அறுத்த சங்குகள் கிடைத்திருக்கின்றன. நீங்கள் எடுத்து வந்ததும் அந்த வகைதான். இழுப்பறையில் கிடந்தால் அது வெறும் ஓடு. அந்த மண்ணில் கிடந்தால்தான் அதற்கு ஒரு சேதி உண்டு. பெரியவர் எதற்குத் தந்தார் என்பது அப்புறம், எடுத்துவந்ததே தப்பு.

இரண்டாவது மக்ரூன். போர்த்துக்கீசியர், போர்த்துக்கீசியர் என்கிறீர்கள். 1658-இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போய்விட்டது. அதன்பின் மூன்றரை நூற்றாண்டாக அடுப்பு முன்னால் நின்றது யார்? முந்திரியைப் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தது அவர்கள், சரி. அதற்காக முந்திரி போட்ட பண்டம் எல்லாம் அவர்களுடையது ஆகிவிடாது. மாஸ்டர் சொன்ன பதில்தான் சரியான பதில்.

என் சந்திப்பு சின்னது. மணப்பாட்டில் சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகைக்குள் ஒரு கிணறு உண்டு. வெளியே அலை பாறையில் அடிக்கிறது. ஒரு அம்மா தண்ணீர் எடுத்துத் தந்தார். உப்பு இல்லை. "எப்படிம்மா?" என்றேன். "குடிச்சிட்டுக் கேளுங்க" என்றார்.

இனி போகப்போகிறவர்களுக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அப்போது போய் மீன் சரியில்லை, விலை அதிகம் என்று புலம்பாதீர்கள். நாட்டுப்படகு மீன் வரும், விடியுமுன் ஏலக்கூடத்தில் நின்றால் கிடைக்கும். வஞ்சிரம் என்று கேட்காதீர்கள், சீலா என்று கேளுங்கள். விளமீன் கிடைத்தால் வேறெதையும் பார்க்க வேண்டாம். பனிமய மாதா திருவிழா ஜூலை 26-இல் கொடியேறி ஆகஸ்ட் 5-இல் முடியும், கூட்டம் பிடிக்காதவர்கள் அந்தப் பதினொரு நாளை விட்டுவிடுங்கள். மணப்பாட்டில் திருச்சிலுவைத் திருவிழா செப்டம்பர் 14. நவராத்திரியில் குலசை (குலசேகரன்பட்டினம்) தசராவுக்கு வேடம் கட்டியவர்களே ஊரை நிறைத்திருப்பார்கள், தங்க இடத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். உடன்குடி கருப்பட்டி வாங்குகிறவர்கள் உடைத்துப் பார்த்து வாங்குங்கள், உள்ளே பரல் பரலாக மின்னினால் சீனி கலந்தது. பதநீர் பங்குனி, சித்திரையில் நன்றாக இருக்கும், காலையிலேயே குடித்துவிட வேண்டும். மக்ரூனைக் காற்றுப்படாத டப்பாவில் வையுங்கள், மழைநாளில் திறந்து வைத்தால் பிசுபிசுத்துப் போகும். ஒரு கிலோ வாங்கியவர் என்ன செய்தாரோ தெரியவில்லை.

ரெண்டாம்பந்தி:

இரண்டு நாளில் தீர்ந்துவிட்டது ஐயா. டப்பா வரைக்கும் போகவில்லை.

இடதுகைக்காரன்:

காயல்பட்டினம் போனவர்கள் யாரும் இல்லையா? நண்பன் அக்கா கல்யாணம். அங்கே மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார், வீடு பெண்ணுக்கு. தெருக்களுக்கு நடுவே பெண்கள் போய்வரத் தனி முடுக்கு. இதெல்லாம் நண்பன் வழியிலேயே சொல்லிக்கொண்டு வந்தான். சொல்லாமல் விட்டது சாப்பாட்டை.

களறிச் சாப்பாடு. நெய்ச்சோறு, களறிக்கறி, கத்தரிக்காய் மாங்காய். ஒரு சஹனில் (பெரிய தட்டு) சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். என்னோடு ஒரு பெரியவர், என் தாத்தா வயது. எனக்குப் பிறவியிலேயே இடதுகைப் பழக்கம். எங்கள் வீட்டில் அடித்தும் மாறவில்லை. அடுத்தவர் சோற்றில் இடதுகையை எப்படி வைப்பது? வலதுகையால் பிசைய ஆரம்பித்தேன். பாதி சோறு மடியில், பாதி விரிப்பில். தனியாகச் சாப்பிட்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள், ஒரே தட்டில் எங்கே ஒளிவது?

பெரியவர் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தார். சஹனை அப்படியே அரை வட்டம் சுற்றிவிட்டார். கறித்துண்டுகள் எல்லாம் என் பக்கம் வந்துவிட்டன. அவர் தன் பக்கம் இருந்த வெறும் சோற்றில் கத்தரிக்காய் மாங்காயைப் போட்டுப் பிசைந்துகொண்டு வேறு யாரிடமோ பேசத் தொடங்கினார்.

எனக்குக் கறி இறங்கவில்லை. அவர் இடதுகையைப் புரிந்துகொண்டாரா, இல்லை பையன் வெட்கப்பட்டுக் கறியை எடுக்காமல் இருக்கிறான் என்று நினைத்தாரா? ஒரு 'பரவாயில்லை வாப்பா' சொல்லவாவது வாய் வந்திருக்கலாம்.

கச்சான்காற்று:

இடதுகைக்காரரே, அடுத்த முறை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொன்னால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். அல்லது வீட்டிலேயே கரண்டியால்...

இடதுகைக்காரன்:

நான் யோசனை கேட்கவில்லை ஐயா.

பழையஏடு:

தாமிரபரணி மண்ணைக் கொண்டுவந்து கொட்டக் கொட்ட ஊர்கள் கடலைத் துரத்திக்கொண்டு போயிருக்கின்றன. கொற்கை உள்ளே போனது, மார்க்கோ போலோ சொன்ன காயல் வந்தது. அதுவும் பழையகாயல் ஆனது. ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இப்போது இருப்பது புன்னைக்காயல். நான் அங்கேதான் போனேன், என் விஷயம் அச்சு.

போர்த்துக்கீசியப் பாதிரியார் அண்ட்ரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சானது. எட்டு வருடம் கழித்து 'அடியார் வரலாறு'. அடிகளாருக்குப் புன்னைக்காயலோடு ரொம்ப நெருக்கம், கடைசிக் காலமும் அங்கேதான். கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவரிடம் இதைச் சொன்னேன். இந்திய மொழிகளிலேயே முதலில் அச்சேறியது தமிழ், அந்தத் தமிழை எழுதியவர் உங்கள் ஊரில் இருந்தவர் என்று பெருமையாகத்தான். அவர் ஊசியை நிறுத்தாமல் கேட்டார்: "அதுல எங்க பேச்சு இருக்கா?"

நான் முழித்தேன். ஏதோ 'தமிழ்தான், பழைய தமிழ்' என்று சமாளித்தேன். அவர் தலையாட்டிவிட்டு வலைக்குத் திரும்பினார்.

ஊருக்கு வந்து 'அடியார் வரலாறு' பதிப்பை எடுத்துப் படித்தால், இருக்கிறது! கரைப் பேச்சு அப்படியே பல இடத்தில் கிடக்கிறது. அந்தக் காலத்துப் பண்டிதர் எழுதும் தமிழ் இல்லை. அடிகளார் முத்துக்குளித்துறை மக்களிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய தமிழ். கேள்வி கேட்டவருக்குப் பதில் சொல்ல நான் இன்னும் போகவில்லை. கடிதம் போடலாம் என்றால் பெயரும் தெரியாது, முகவரியும் தெரியாது. 'புன்னைக்காயல், வலை பின்னுகிறவர்' என்று எழுதினால் பாதி ஊருக்குப் போய்ச் சேரும்.

மாசிக்கட்டை:

எல்லோரும் கனமாக எழுதுகிறீர்கள், நான் சுருக்கமாக. தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் தோணி பார்க்கப் போனோம். மரத்தோணி, மாலத்தீவுக்குப் போய்வருவது. தண்டல் (தோணிக்கு அவர்தான் கேப்டன்) என் கணவருக்குத் தெரிந்தவர். கிளம்பும்போது ஒரு பொட்டலம் கொடுத்தார். மாசி. சூரை மீனை அவித்து, புகை காட்டி, காயவைத்துக் கட்டையாக்கியது. சீவிச் சம்பல் செய்யலாம் என்று பக்குவமும் சொன்னார்.

எங்கள் மாமியார் கொங்குநாட்டுக்காரர், சைவம். சமையலறைக் கதவு காற்றில் அடித்துக்கொண்டே இருக்கும். நான் பொட்டலத்தைப் பிரித்து மேடையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்த் திரும்பினால், கதவுக்கு அண்டக்கொடுத்திருக்கிறார். "நல்ல வைரம் பாஞ்ச கட்டையாட்ட இருக்குது கண்ணு, எங்க வாங்குன?" என்கிறார்.

இரண்டு வாரம் சொல்லவில்லை. மாசியும் அங்கேயே கிடந்தது, கதவும் அடிக்கவில்லை. தண்டல் போன் செய்து சம்பல் எப்படி இருந்தது என்று கேட்டபோது 'ரொம்ப நன்றாக இருந்தது அண்ணே' என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொய்தான் உறுத்துகிறது. இப்போது அடுத்த கப்பலுக்கு இரண்டு கட்டை அனுப்புகிறாராம்.

கச்சான்காற்று:

கப்பல் இல்லை, தோணி.

வாய்க்கால்மேடு:

நடுவில் வரமுடியவில்லை. கச்சான்காற்று சொன்னதை இரண்டு நாள் யோசித்தேன். எடுத்தது தப்பு என்பது சரி. ஆனால் அந்தப் பெரியவர் அதை மண்ணிலிருந்து எடுத்து, சில்லுக்குப் பிள்ளைகள் எடுத்துப் போகும் என்று சிரித்தவர். அவரிடம் போய்ச் சேதி, சட்டம் என்று பேச என்னால் முடியாது.

நேற்றுத் துண்டை எடுத்துப் பார்த்தேன். அறுத்த விளிம்பில் இன்னும் கொஞ்சம் மண் ஒட்டியிருக்கிறது. கழுவவே இல்லை போலிருக்கிறது நான். தை மாதம் திருச்செந்தூர் போகிறோம், வழியில் ஏரலில் இறங்கிக்கொள்வேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். பழையஏடு, உங்களுக்கு வசதிப்பட்டால் சேர்ந்தே போகலாம், அங்கிருந்து புன்னைக்காயல் தூரமில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள்.