பாதாமி, பட்டடக்கல், ஐஹொளே: இரண்டு நாளில் எந்த வரிசையில் பார்ப்பது?

தேன்கூடு:
டிசம்பர் கடைசியில் பெங்களூரிலிருந்து வட கர்நாடகத்தின் பாதாமிக்குப் போகிறோம். கையில் இரண்டு முழு நாள். உடன் வருபவர்களில் இருவர் எழுபதை நெருங்குகிறவர்கள், முழங்கால் வலி உண்டு. குகைகள், ஏரி, பட்டடக்கல், ஐஹொளே எல்லாம் பார்க்க வேண்டும், படமும் எடுக்க வேண்டும். எங்கே ஆரம்பிக்கலாம்? பெரியவர்களுக்கு எதை விட்டுவிடலாம்?

மணற்கல்:
மாலையில் பெங்களூரில் கோல்கும்பஸ் எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் பாதாமி. ஸ்டேஷனிலிருந்து ஊர் 5 கி.மீ., ஆட்டோ கிடைக்கும்.

முதல் நாள் முழுக்க பாதாமிக்கே கொடுங்கள். கதவு திறந்ததும் குகைக்குப் போய்விடுங்கள். நேரமாக ஆக பள்ளிக்கூடப் பேருந்துகள் வரிசைகட்டி வரும், அப்புறம் எந்தச் சிற்பத்தின் முன்னும் நிற்க இடமிருக்காது. முதல் குகை தரையிலிருந்து சுமார் 18 மீட்டர் உயரம். அங்கிருந்து இரண்டாவதுக்கு அறுபத்துச் சொச்சம் படி, மூன்றாவதுக்கு இன்னொரு அறுபது. படிகள் ஒரே உயரமாக இல்லை. ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முழங்கால் வாங்கும். கைத்தடி கட்டாயம். முடியாவிட்டால் முதல் குகையோடு நிறுத்திக்கொள்ளலாம், அதுவே நிறைவாக இருக்கும். முடிந்தவர்கள் மூன்றாவதை விடக்கூடாது. நான்கில் பெரியது அது. சாளுக்கிய இளவரசன் மங்களேசனின் கல்வெட்டில் சக ஆண்டு 500, அதாவது கி.பி. 578 என்று தேதியே இருக்கிறது. தாழ்வாரக் கூரையின் அடியில் பழைய வண்ண ஓவியத்தின் மிச்சம் தெரியும். அங்கே ஃபிளாஷ் வேண்டாம்.

குகைகள் வடக்கே ஏரியைப் பார்த்தவை. டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் உள்ளே நேர் வெளிச்சம் வராது. கேமராவில் ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனை) ஏற்றிக்கொண்டு, தூணில் தோளைச் சாய்த்து எடுங்கள். ட்ரைபாடுக்குத் தனி அனுமதி வேண்டும்.

நல்ல வெளிச்சம் மாலையில், பூதநாதர் கோயிலில். ஏரியின் கிழக்குக் கரையில் மேற்குப் பார்த்து நிற்பதால், சூரியன் இறங்கும்போது கோயிலும் பின்னாலுள்ள பாறையும் சேர்ந்து செம்பழுப்பாகிவிடும். அந்தப் பாறையைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். மணல் படிந்த அடுக்குகள் கோடு கோடாக, சில இடத்தில் சாய்வாக ஓடும். அந்த அடுக்கை அனுசரித்துத்தான் சிற்பி வெட்டியிருக்கிறார். ஏரிக்கரை வழி சமதளம், பெரியவர்களுக்குச் சிரமமில்லை. ஏரிக்குப் பின்னாலுள்ள அக்கா தங்கி அருவி மழைக்காலத்தில் மட்டும்தான், டிசம்பரில் எதிர்பார்க்காதீர்கள்.

அருங்காட்சியகத்தை ஒட்டி ஏறும் வடக்குக் கோட்டை முழங்கால் வலிக்காரர்களுக்கு ஆகாது. பாறைப் பிளவுக்குள் போகும் வழி, படிகள் செங்குத்து. அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை.

சாளுக்கிய வாசகன்:
இரண்டாம் நாள் வண்டி பேசிக்கொள்ளுங்கள். பட்டடக்கலிலிருந்து ஐஹொளேவுக்குப் பேருந்து குறைவு. நம்பிப் போனால் அரை நாள் போய்விடும். பேசும்போதே மகாகூடம் கோயில்களையும் சேர்த்துச் சொல்லுங்கள், இல்லையென்றால் கடைசியில் "அது வேற ரேட்" என்பார்கள்.

வரிசை: காலையில் பட்டடக்கல் (22 கி.மீ.), அப்புறம் ஐஹொளே, திரும்பும் வழியில் மகாகூடம். விரூபாட்சர் கோயில் கிழக்கே மலப்பிரபா ஆற்றைப் பார்த்தது, காலை வெயில் முகப்பில் விழும். அங்கே இன்றும் பூஜை நடக்கிறது, செருப்பைக் கழற்ற வேண்டும். வெயில் ஏறினால் கல் சுடும், சாக்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். உள்தூண்களில் ராமாயண, பாரதக் காட்சிகள் உண்டு. அம்புப் படுக்கையில் பீஷ்மரைத் தேடிக் கண்டுபிடியுங்கள். அதே வளாகத்தில் கலகநாதர் கோயிலின் வளைந்தேறும் வடநாட்டுச் சிகரமும், சங்கமேசுவரரின் தளம் தளமான தென்னாட்டு விமானமும் அடுத்தடுத்து நிற்கும். இந்த வேறுபாட்டை ஒரே இடத்தில் இவ்வளவு தெளிவாகப் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

உச்சி வெயிலுக்கு ஐஹொளே துர்கா கோயிலின் சுற்றுத் தாழ்வாரம் நல்ல நிழல். பெயரைப் பார்த்து அம்மன் கோயில் என்று நினைக்க வேண்டாம், துர்க்கம் என்றால் கோட்டை. ராவணபடி குகையும் தரைமட்டத்தை ஒட்டியதுதான், பெரியவர்களை அழைத்துப் போகலாம்.

கல்லெழுத்து:
வரிசை சரிதான். காஞ்சி பார்த்தவர்களுக்கு இந்தப் பயணம் இரண்டு மடங்கு பலன் தரும், அதனால் இதையும் சேர்க்கிறேன்.

ஐஹொளே மேகுதிக் குன்றில் புலவர் ரவிகீர்த்தியின் கல்வெட்டு, கி.பி. 634. பல்லவனைக் காஞ்சி மதிலுக்குள் ஒடுங்க வைத்ததாகச் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியைப் புகழ்கிறது. எட்டே வருடத்தில், 642இல், பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் வாதாபியைப் பிடித்தான். வாதாபிதான் பாதாமி. அவன் கல்வெட்டு சிதைந்த நிலையில் அங்கே பாறையில் இருக்கிறது. சுமார் நூறு வருடம் கழித்துச் சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியை வென்றான். அந்த வெற்றிக்காக அரசி லோகமகாதேவி எடுப்பித்ததுதான் நீங்கள் காலையில் பார்க்கப்போகும் விரூபாட்சர் கோயில். காஞ்சி கைலாசநாதர் கோயிலை மனதில் வைத்துக்கொண்டு விமானத்தைப் பாருங்கள், சாயல் தெரியும். ஆனால் விமானத்தின் முன்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் சுகநாசி என்ற பகுதி காஞ்சியில் கிடையாது.

இன்னொன்று. முதல் குகை வாசலில் எல்லாரும் வலப்பக்கம் பதினெட்டுக் கை நடராசரிடம் ஓடுவார்கள். அவர் காலடியில் முயலகன் இல்லை என்பதைக் கவனியுங்கள். இடப்பக்கத் துவாரபாலகர் காலடியை யாரும் பார்ப்பதில்லை. காளைக்கும் யானைக்கும் ஒரே தலை. ஒரு உடலை உள்ளங்கையால் மறைத்தால் மற்றது முழுசாகத் தெரியும். தாராசுரத்தில் ரிஷபகுஞ்சரம் என்று காட்டுவார்களே, அதற்கும் ஐந்நூறு வருடத்துக்கு மேல் மூத்தது.

தேன்கூடு:
மிக்க நன்றி. சாப்பாடு, குரங்கு பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

மணற்கல்:
குகைப் படியில் கையில் எதுவும் தெரியக்கூடாது. பிளாஸ்டிக் பை சத்தம் கேட்டாலே பாய்ந்து வரும், தண்ணீர் பாட்டிலையும் பிடுங்கும். எல்லாம் ஜிப் போட்ட முதுகுப் பைக்குள் இருக்கட்டும். மதியத்துக்குச் சோள ரொட்டி, எண்ணெய்க் கத்தரிக்காய், வேர்க்கடலைப் பொடி, தயிர். பனசங்கரி கோயில் வாசலில் கூடையில் வைத்து விற்கும் பெண்களிடம் வாங்குங்கள்.

அறையை மட்டும் இப்போதே போட்டுவிடுங்கள். பனசங்கரி ஜாத்திரை (கோயில் திருவிழா) புஷ்ய மாதப் பௌர்ணமியை ஒட்டி வரும், சில வருடம் ஜனவரி தொடக்கத்திலேயே. உங்கள் தேதி அதற்குப் பக்கத்தில் விழுந்தால் பாதாமியில் ஒரு அறைகூட மிஞ்சாது.